ஆர்க்கிட் வளர்க்க பழைய மீன் தொட்டி வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

வீட்டுக்குள் ஆர்க்கிட் வளர்க்கும் ஆசை வந்தவுடன் அடுத்து வரும் யோசனை, கண்ணாடிப் பெட்டி. புதிதாகச் செய்தால் செலவு அதிகம் என்பதால், மூலையில் சும்மா கிடக்கும் மீன் தொட்டி, கடையை மூடும்போது விற்கும் ஷோகேஸ் போன்றவற்றை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள். பணம் மிச்சம்தான். ஆனால் பார்க்காமல் வாங்கினால் செடி அழுகலாம், கண்ணாடி கையைக் கிழிக்கலாம், டெங்கு கொசுவின் முட்டைகூட சேர்ந்து வீட்டுக்குள் வரலாம். எதைக் கவனிக்க வேண்டும்?

ஆர்க்கிட்டுக்கு எதற்கு கண்ணாடிப் பெட்டி?

வீடுகளில் வளர்க்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை காட்டில் மண்ணில் வளர்வதில்லை. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்பவை. வேர்கள் காற்றில் தொங்குவதால் காற்றில் ஈரப்பதம் வேண்டும். 50 முதல் 70 சதவீதம் இருந்தால் நல்லது. ஏசி ஓடும் அறையில் காற்று காய்ந்துவிடும். பெட்டி அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

இது புது யோசனையும் அல்ல. 1829-ல் லண்டன் மருத்துவர் நதானியேல் பேக்ஷா வார்டு, மூடிய பாட்டிலுக்குள் ஒரு பெரணிச்செடி தானாக முளைத்து வளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த ‘வார்டியன் பெட்டி’யில்தான் பிறகு செடிகள் கப்பலேறி கடல் கடந்தன.

எல்லாருக்கும் பெட்டி தேவையா?

தேவையில்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. நர்சரிகளில் அதிகம் கிடைக்கும் ஃபெலனாப்சிஸ், டென்ட்ரோபியம் வகைகள் நேரடி வெயில் படாத ஜன்னலோரத்திலேயே வளரும். எந்நேரமும் ஏசி ஓடும் அறை, மரத்துண்டில் கட்டி வளர்க்கும் குட்டி ஆர்க்கிட் வகைகள் ஆகியவற்றுக்குத்தான் பெட்டி உதவும்.

முக்கியமான விஷயம்: பெட்டி ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, குளிர்ச்சி தராது. ஆண்டிஸ் மலையின் மேகக் காடுகளில் வளரும் மாஸ்டிவேலியா போன்ற குளிர்விரும்பிகளை நம்ம ஊர் கோடையில் கண்ணாடிக்குள் அடைத்தால் தாங்காது. எந்த வகையாக இருந்தாலும் மூடிய பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது. உள்ளே சூடு சட்டென்று ஏறி, செடி வெந்துவிடும்.

நேரில் பார்க்கும்போது என்ன கவனிக்கணும்?

ஒழுகும் தொட்டி: தயங்க வேண்டாம். செடிக்கு தண்ணீர் நிரப்பப் போவதில்லை. அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும். இதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

விரிசல்: இதை வாங்கவே வாங்காதீங்க. தூக்கும்போது உடைந்தால் கையில் ஆழமாக வெட்டும். ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள்.

எடை: 6 எம்எம் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ. மூன்றடி தொட்டி என்றால் காலியாகவே 20 கிலோவைத் தாண்டிவிடும். தூக்க ரெண்டு பேர் வேண்டும், வைக்கும் ஸ்டாண்டும் தாங்க வேண்டும்.

டஃபன்டு கிளாஸ்: காற்றுக்காக ஓட்டை போடலாம் என்று டிரில் வைத்தால் மொத்தமும் நொறுங்கிவிடும். விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மர ஷோகேஸ்: அடிப்பலகை பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் ஈரத்தில் உப்பிவிடும், பூஞ்சை பிடிக்கும்.

முன்பு உள்ளே என்ன இருந்தது?

இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கடல் மீன் வளர்த்த தொட்டியில் உப்பு படிந்திருக்கும். ஆர்க்கிட் வேருக்கு உப்பு ஆகாது. பலமுறை கழுவ வேண்டும். செடி வளர்த்த பெட்டி என்றால் மூலைகளில் செதில் பூச்சி ஒளிந்திருக்கும். பெட்டியோடு செடியும் இலவசமாகத் தந்தால், அதைச் சில வாரங்கள் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். அதற்குப் பயன்படுத்திய கத்தரியை மற்ற செடிகளுக்குப் பயன்படுத்தினால் வைரஸ் பரவலாம்.

மாடியில் மழையில் கிடந்த தொட்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே சும்மா அலசினால் போதாது; ஸ்க்ரப்பர் போட்டு உள்சுவர் முழுக்கத் தேய்க்க வேண்டும்.

எப்படி சுத்தம் செய்வது?

வெள்ளைக் கறைக்கு வினிகர். நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, 10 நிமிடம் விட்டு மறுபடி கழுவ வேண்டும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளியாகும்.

காற்றும் கரண்ட்டும்

பெட்டிக்குள் செடி சாவதற்கு முக்கியக் காரணம் காற்று ஓடாததுதான். மூடியில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றை அடாப்டருடன் ஓட விடலாம். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் இலை காய்ந்துவிட்டால் காற்று போதும். கண்ணாடி எந்நேரமும் வியர்த்தபடி இருந்தால் இடைவெளியை அதிகரிக்க வேண்டும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துவிடுங்கள்.

தொட்டியோடு வரும் பழைய லைட், ஒயரை அப்படியே சொருக வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏறும்படி வைத்தால், ஒயர் வழியே வரும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

ஆன்லைனில் வாங்கினால்?

பொருளைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். உங்கள் பழைய தொட்டியை விற்பவராக இருந்தாலும் உஷார். பணம் வருவதற்கு க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவோ, யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. அப்படி யாராவது கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் செடியை வைக்க அவசரப்படாதீர்கள். ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்ன மீட்டரை உள்ளே வைத்து ரெண்டு, மூணு நாள் கவனியுங்கள். மதிய நேரத்தில் உள்ளே 35 டிகிரியைத் தாண்டினால், முதலில் இடத்தை மாற்றுங்கள். செடியை அப்புறம் வைக்கலாம்.