மிதிவண்டிக்கு எத்தனை பல்?

மாடு வாங்கச் செல்பவர் முதலில் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். மிதிவண்டி வாங்கச் செல்லும் நாமோ வர்ணத்தையும் மணியையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். மிதிவண்டிக்கும் பல் உண்டு; அதனை எண்ணிப் பார்ப்பது நம் முழங்காலுக்கு நல்லது.

நாடெங்கும் பழக்கத்திலுள்ள கறுப்பு நிற மிதிவண்டிக்கு ஒரே வேக அமைப்புத்தான் உண்டு. பால்காரரும் பள்ளி மாணவியும் ஆலைத் தொழிலாளியும் பெரும்பாலும் ஒரே அளவான பற்சக்கரங்களையே மிதிக்கின்றனர். ஏறுபவர் வேறு, சுமை வேறு, சாலை வேறு. பல் மட்டும் ஒன்று. இது பொருத்தமாகுமா என்பதே நம் கேள்வி.

இதற்கான கணக்கு எளியது. மிதிகட்டையோடு சுழலும் முன் பற்சக்கரத்தில் 44 பற்களும், கடைக்காரர்கள் ‘பிரீவீல்’ என்று கூறும் பின் பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். நம் நாட்டு வண்டிகளில் இது பரவலாகக் காணப்படும் அளவு. 44ஐ 18ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.44. மிதிகட்டை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டரை முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும் என்பது இதன் பொருள். 28 அங்குலச் சக்கரமாயின், ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் முன்னேறும். நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம் கிட்டும்.

சங்கிலி வருமுன் மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. வேகம் வேண்டுமெனில் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. அதற்கும் ஏறுபவரின் கால் நீளம் வரம்பு கட்டியது. 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கி அவ்வரம்பை நீக்கிற்று. இன்று நாம் மிதிக்கும் 44க்கு 18 என்னும் அமைப்பு, 68 அங்குல விட்டமுள்ள சக்கரத்தை நேராக மிதிப்பதற்குச் சமம். அத்தகைய சக்கரத்தின் மேலமர்ந்து மிதிக்க எவர் காலும் எட்டாது!

ஆயினும் வேகம் இலவசமாகக் கிடைப்பதன்று. கூடிய தூரத்திற்கு ஈடாக உந்துவிசை குறைகிறது. 60 கிலோ எடையுள்ளவர் தம் முழு எடையையும் மிதிகட்டையின் மீது செலுத்தினாலும், ஒரு சுற்றின் சராசரியில் சக்கரம் தரையை உந்தும் விசை ஏறத்தாழ 7 கிலோவே. அவர் தம் 20 கிலோ வண்டியில் 60 கிலோ சுமையேற்றிக்கொண்டு, 20 அடிக்கு ஓர் அடி உயரும் ரயில்வே மேம்பாலத்தில் ஏறுகிறார் எனக் கொள்வோம். ஏற்றத்திற்கே 7 கிலோ விசை வேண்டும். உராய்வையும் சேர்த்தால் எட்டரை வரை வேண்டும். ஆகவே அவர் இறங்கித் தள்ளத்தான் நேரிடும்.

பின்னால் 22 பற்கள் இருந்தால் அதே காலின் உந்துவிசை ஏறத்தாழ 9 கிலோவாக உயர்கிறது. வண்டி மெல்ல ஏறிவிடும். இதற்கு நாம் கொடுக்கும் விலை யாது? அதே மிதிப்பில் சமதரை வேகம் மணிக்கு 16 கிலோமீட்டராகக் குறையும். 5 கிலோமீட்டர் செல்ல மூன்று நான்கு நிமிடங்கள் கூடுதலாகும். அவ்வளவே.

எனவே அன்றாடப் பாதையின் எளிய பகுதிக்கன்று, கடினமான பகுதிக்கே பல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கங்கைச் சமவெளி போன்ற மட்டமான பகுதிகளில் சுமையின்றிச் செல்பவருக்கு 18 போதும். எதிர்காற்று, மேம்பாலம், பின்னிருக்கையில் குழந்தை, நடுவயதைக் கடந்த முழங்கால் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் 20 நல்லது. நாள்தோறும் சுமை ஏற்றுபவருக்கு 22 தகும். எழுந்து நின்று மிதிப்பது வழக்கமாகிவிட்டால் இரண்டு பல் கூட்டுக. சமதரையில் கால் வெறுமனே சுழன்றால் இரண்டு பல் குறைக்க.

மாற்றுவதும் எளிது, முன் பற்சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை. பின்னால் இரண்டு பல் கூடினால் அச்சைக் கால் அங்குலம் முன்னே நகர்த்த நேரும். அதற்கு இடமில்லையெனில் சங்கிலியை நீட்ட வேண்டும். சங்கிலியின் நடுவில் அரை அங்குலத் தளர்ச்சி இருக்கட்டும். தேய்ந்த சங்கிலி புதுப் பல்லை விரைவில் அரித்துவிடுமாதலால், இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். அச்சு நகர்ந்தபின் பிரேக் கட்டைகள் சக்கர விளிம்பில் சரியாகப் பதிகின்றனவா என்று பார்க்க மறக்கலாகாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜார்க்கண்டில் இருநூறு கிலோ வரை நிலக்கரியை மிதிவண்டியில் ஏற்றி வரும் உழைப்பாளிகள் அதனைத் தள்ளியே கொணர்கின்றனர். எந்தப் பல்லும் அவர்களுக்கு உதவாது. ஆனால் சிறு சுமையோடு பாலத்தடியில் இறங்கித் தள்ளுகின்ற பலருக்கு வேண்டுவது புது வண்டியன்று; பின்சக்கரத்தில் இன்னும் இரண்டு அல்லது நான்கு பற்களே.