தோட்டத்து வழிக்கு ஏற்ற வண்டி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் இடையே கிடக்கும் சிற்றூர்களில், வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர் ஒருவரேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. மகன் வளைகுடா நாட்டிலோ மும்பையிலோ இருப்பான். தந்தையார் ஒன்றிரண்டு ஏக்கர் ரப்பரையும் ஏத்தன் வாழையையும் மரச்சீனியையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பார். சுமை தூக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாகவில்லை என்று தந்தையார் சொல்லும்போது, ஒரு வண்டி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் மகனுக்கு எழுவது இயல்பே.

வளைகுடாவின் மணற்காடுகளிலும் அமெரிக்க, ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் ஓடும் ஒருவகை வண்டியை நம்மவர் பலர் பார்த்திருக்கின்றனர். இருவர் அருகருகே அமர, காரைப் போன்ற சுக்கான் வளையத்தால் ஓட்டப்படுவது அது. தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டும், பின்னால் மண்ணைக் கவிழ்த்துக் கொட்டக்கூடிய தொட்டியும் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். ஆங்கிலத்தில் ‘சைடு-பை-சைடு’ என்றும், சுருக்கமாக ‘யூ.டி.வி.’ என்றும் வழங்குகின்றனர். கவாஸாக்கி நிறுவனத்தார் 1988இல் ‘மியூல்’, அதாவது கோவேறு கழுதை, என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டனர். பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது. வார நாட்களில் உரமூட்டை சுமக்கவும் விடுமுறை நாட்களில் மலைப்பாதையில் உலாப் போகவும் ஒரே வண்டி உதவும் என்பதே இதன் கவர்ச்சி. நமது ஊருக்கும் இதுவே சரி என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் பணத்தை அனுப்புவதற்கு முன் சில விஷயங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 39ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யப்படாத வண்டி பொது இடத்தில் ஓடக்கூடாது. 146ஆம் பிரிவுப்படி, மூன்றாம் நபருக்கான காப்பீடு இன்றியும் ஓடக்கூடாது. பண்ணைக்கென்று செய்யப்பட்ட யூ.டி.வி. வண்டிகள் பொதுவாக நமது நாட்டில் சாலைப் பதிவுக்கு உரியவை அல்ல. சொந்த நிலத்துக்குள் ஓட்டுவதற்கு என்ன தடை என்று கேட்கலாம். நமது ஊர்களில் எவருடைய நிலம் ஒரே துண்டாகக் கிடக்கிறது? வீட்டுப் புரையிடம் ஓரிடம், ரப்பர் ஓரிடம், ஏலாவில் வாழை ஓரிடம். நடுவே ஊராட்சிச் சாலை குறுக்கிடும். அந்தச் சாலையில் நூறு அடி தூரம் போனாலும் அது பொது இடமே. அங்கே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின்மீது வண்டி மோதிவிட்டால், நஷ்டஈட்டைக் கொடுக்கக் காப்பீட்டுக் கழகம் இராது. தீர்ப்புத் தொகை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். மகன் சம்பாதித்து வாங்கிய நிலமே அதற்கு ஈடாகப் போகக்கூடும். விலையைவிடவும், வேகத்தைவிடவும் இதனையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

இந்தக் குறையைத் தீர்க்க முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. அமெரிக்கப் போலாரிஸ் நிறுவனமும் நமது ஐஷர் நிறுவனமும் சரிபாதிப் பங்காகக் கூடி, ஜெய்ப்பூருக்கு அருகே தொழிற்சாலை அமைத்து, 2015இல் ‘மல்டிக்ஸ்’ என்ற வண்டியை வெளியிட்டன. ஐந்து பேர் அமரலாம். பின் இருக்கையை மடக்கினால் சரக்கு ஏற்றலாம். வண்டியிலிருந்தே மின்சாரம் எடுத்து விளக்கெரிக்கவும் நீர் இறைக்கவும் செய்யலாம். 511 சி.சி. அளவுள்ள ஒற்றை உருளை டீசல் இயந்திரம் அதனுடையது. சாலைப் பதிவும் உண்டு. இந்தியச் சிற்றூருக்கென்றே பிறந்த வண்டி இது என்று பலரும் பாராட்டினர். ஆனால் எதிர்பார்த்த விற்பனை இல்லை. 2018 மார்ச் மாதத்தில் அக்கூட்டு நிறுவனத்தை மூடுவதென ஐஷர் அறிவித்தது. பழைய மல்டிக்ஸ் ஒன்று மலிவாக வருகிறது என்று யாரேனும் கூறினால், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதை விசாரித்தறிந்த பிறகே விலை பேச வேண்டும். போலாரிஸ் பிற்பாடு தனது ‘ஸ்போர்ட்ஸ்மேன் 570’ வண்டியை விவசாய டிராக்டர் என்ற வகையில் பதிவுபெறச் செய்து விற்றது. ஆயினும் அது கைப்பிடி பிடித்து, குதிரைபோல் கால்விரித்து ஏறி ஓட்டுவது. அறுபது வயதைக் கடந்த தந்தையாருக்கு அதனை வாங்கிக் கொடுப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

இரண்டாவது, கவிழும் அபாயம். இவ்வண்டிகள் பள்ளம் மேடுகளைக் கடப்பதற்காகத் தரையிலிருந்து உயர்ந்து நிற்பவை; அகலமோ குறைவு. யமஹாவின் ‘ரைனோ’ வண்டியின் கதை இதற்குச் சான்று. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐம்பதுக்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் 46 பேர் மாண்டிருந்தனர். பல, சமதரையில், அதிக வேகமின்றித் திரும்பும்போதே கவிழ்ந்தவை. 2009 மார்ச்சில் நிறுவனம் அவ்வண்டிகளைத் திருத்திக் கொடுக்க முன்வந்தது. செய்த திருத்தம் என்ன தெரியுமோ? பின்சக்கரங்களைச் சிறிது வெளியே தள்ளிப் பொருத்தினர். பின்புறத்துச் சமநிலைத் தண்டைக் கழற்றினர். சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலம் சிறிது கூடியதும் வண்டி நிலைத்து நின்றது. கவிழும்போது உள்ளிருப்பவர் இயல்பாகக் காலையோ கையையோ வெளியே நீட்டுவர், அதுதான் நசுங்கும். ஆகையால் இடுப்புப் பட்டையும் பக்கக் கதவும் வலையும் அலங்காரம் அல்ல. நமது செம்மண் சரிவுகள் இடவப்பாதி மழையில் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை மழையில் மறுமுறையும் வழவழப்பாகிவிடும். ஆண்டில் பாதி நாள் இந்த நிலைமையே என்பதை மணற்காட்டில் வண்டி பார்த்தவர் மறந்துவிடுகின்றனர்.

இனி வழியின் அகலத்தைப் பார்ப்போம். இருபுறமும் செங்கல் வெட்டிய மண் கட்டைகள் உயர்ந்து நிற்க, நடுவே பள்ளமாக ஓடும் இடவழிகள் நமது ஊர்களுக்கே உரியவை. சாதாரண யூ.டி.வி. ஏறத்தாழ ஐந்தடி அகலம் உடையது. டாட்டா நிறுவனத்தார் 2005இல் வெளியிட்டு, நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயரிட்ட ஏஸ் வண்டியும் அதே ஐந்தடிதான். ஆக, யூ.டி.வி. நுழையும் வழியில் குட்டி யானையும் நுழையும். குட்டி யானை நுழையாத வழியில் யூ.டி.வி.யும் நுழையாது. இந்த எளிய கணக்கைப் போட்டவுடனேயே பலருடைய ஆசை பாதி தணிந்துவிடும். ஆறடி மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து சாலைவரை அதைக் குறுக்காகப் பிடித்து ஒருவர் நடந்து வரட்டும். கழி எங்கே தட்டுகிறதோ அங்கேதான் வண்டியின் தேர்வு முடிவாகிறது. வளைவுகளில் இன்னும் ஓரடியாவது கூடுதலாக வேண்டும்.

அடுத்தது எடை. ரெயில்வேயில் பார்சல் எடைச் சீட்டு எழுதும் நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: தன் மூட்டையின் எடையைக் குறைவாக மதிப்பிடாத மனிதன் இல்லை. ஏத்தன் குலை ஒன்று பத்துப் பன்னிரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால், நாற்பது குலை நானூற்றைம்பது கிலோ அளவுக்கு வந்துவிடும். நடுத்தர யூ.டி.வி.யின் பின்தொட்டி தாங்குவது இருநூற்றிருபதிலிருந்து நானூற்றைம்பது கிலோ வரைதான். முதலில் வந்த குட்டி யானைக்கோ முக்கால் டன் தாங்கும் வலு இருந்தது. வாரத்தில் எத்தனை குலை, எத்தனை மூட்டை உரம், எத்தனை ரப்பர் ஷீட்டு, எவ்வளவு ஒட்டுப்பால் என்று ஒரு மாதம் தந்தையார் நாட்குறிப்பில் எழுதிவைக்கட்டும். அந்தக் குறிப்பு எந்த விற்பனையாளரின் சொல்லையும்விட நம்பத்தக்கது. சுமை வாரத்துக்கு ஒரு முறைதான் என்று தெரியவந்தால், வண்டியே வேண்டாம். பெட்டி ஆட்டோவை வாடகைக்கு அழைத்தால் போதும்.

அகலமும் சரிவும் கடினமாக உள்ள இடத்துக்குப் பவர் டில்லரும் அதன் பின்னே பூட்டிய சிறு இழுவைத் தொட்டியும் நாம் முதலில் நினைக்க வேண்டியவை. ஆலுவாவுக்கு அருகே அத்தாணியில் உள்ள காம்கோ என்னும் கேரள அரசு நிறுவனம் 1973இலிருந்து இயங்கிவருகிறது. அதன் டில்லர்களைப் பழுதுபார்க்கத் தெரிந்த தொழிலாளர் நமது பகுதியிலேயே உண்டு. இயந்திரமயமாக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் கீழ்ச் சிறு, குறு விவசாயிகளுக்கு மானியமும் கிடைக்கும். கிருஷி பவனில் கேட்கலாம். சேற்றிலும் ஏற்றத்திலும் தவறாமல் போக வேண்டும், இரண்டு மூன்று பேரும் போக வேண்டும் என்றால் நான்கு சக்கர விசையுள்ள ஜீப்பு வகையே ஏற்றது. மகிந்திரா நிறுவனத்தார் சுதந்திரம் பெற்ற காலந்தொட்டு ஜீப்புடன் தொடர்புடையவர்கள். மலைநாட்டில் அதன் திருகாணி ஒவ்வொன்றையும் அறிந்த மெக்கானிக்குகள் இருக்கின்றனர். மாருதி ஜிப்ஸியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது என்றாலும், நல்ல நிலையில் உள்ள பழைய வண்டிகள் இன்றும் விலைபோகின்றன.

எல்லையோரத்தில் வாழ்பவர்க்கென்று சில தனிச் செய்திகள் உண்டு. மார்த்தாண்டத்தில் வாங்கினால் லாபம் என்று சொல்வார்கள். வாங்குவது எங்கேயாயினும், வண்டி நிரந்தரமாக நிற்பது பாறசாலையில் என்றால், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டு எண்ணோடு அங்கே வைத்திருக்க முடியாது. 47ஆம் பிரிவுப்படி எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். டி.என். 75 என்ற எண் கே.எல். 19 ஆக மாறுவதற்குள் இரண்டு அலுவலகங்களுக்கு நடந்து ஓய்ந்துவிடுவர். சரக்கு வண்டியாயின் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாதவைக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 66ஆம் பிரிவு விலக்களிக்கிறது. களியக்காவிளைச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோவோருக்கு இது பெரிய சௌகரியம். பெரிய பிக்அப் வண்டிகளில் சில அந்த வரம்பைத் தாண்டும். பதிவுச் சான்றிதழில் மொத்த எடையைப் பார்த்துக்கொள்வது நலம். கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிசெய்தது. தந்தையார் ஐம்பத்தைந்தைக் கடந்தவராயின் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும். அந்தத் தேதியை மகனும் குறித்துவைக்கட்டும்.

பால்வெட்டுத் தொழிலாளரையும் உறவினரையும் சரக்குத் தொட்டியில் ஏற்றிச் செல்வது நமது ஊர்களில் சர்வ சாதாரணம். திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட இப்படிப் போகிறார்கள். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்குக் காப்பீடு பொறுப்பேற்காது என்பது 2002இலேயே உச்சநீதிமன்றம் கூறிய தீர்ப்பு.

மலைப்பாதை உலாவைப் பற்றிச் சில வார்த்தைகள். விடுமுறையில் வரும் இளைஞர்களுக்கு இதில்தான் நாட்டம் அதிகம். நெய்யாறு அணைக்கு அப்பாலுள்ள காடு 1958 முதல் வனவிலங்கு சரணாலயம். வனத்துறையின் அனுமதியின்றி அங்கே வண்டி கொண்டு நுழைவது குற்றம். அகத்தியர்கூடத்துக்கு அனுமதி பெற்றுக் கால்நடையாகவே போகவேண்டும். 2022 மே மாதத்தில் வாகமண் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்த ஜீப்பு ஓட்டத்தின்மீது மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்ததையும் நினைவிற்கொள்ளலாம். தனியார் தோட்டமாயினும் அனுமதி வேண்டும் என்பதே அதிகாரிகளின் கருத்து. ஆகவே உலாவுக்கென்று தனியாக நாலைந்து லட்சம் செலவிடுவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. சாலைப் பதிவுள்ள ஜீப்பு, பொன்முடிக்கும் போகும், உரமூட்டையும் கொண்டுவரும்.

முடிவு செய்வதற்கு ஏற்ற காலம் ஓணத்து விடுமுறையே. மழை அப்போது முழுவதும் ஓய்ந்திராது. வாங்க நினைக்கும் வகை வண்டியொன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தந்தையாரையே ஓட்டச் சொல்லி, முழுச் சுமையுடன் தோட்டத்தின் மோசமான ஏற்றத்தில் ஏற்றி, அதே வழியில் இறக்கிப் பார்க்கட்டும். இறங்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொண்டு, பிறகு வங்கிக்குப் போகலாம்.