வண்டியை வித்தாச்சு, ஆனா ஆர்.சி. இன்னும் உங்க பேர்லயா? பழைய பைக், கார் விற்பனையில் வரி முதல் பேப்பர் வரை: முழு விவரம்

பைக்கை வித்து ஒரு வருஷம் ஆச்சு. திடீர்னு செல்போனுக்கு ஒரு மெசேஜ். ஹெல்மெட் போடாமல் போனதற்கு அபராதம், வண்டி நம்பர் உங்களுடையது. போட்டோவில் இருக்கும் ஆள் யாரென்றே தெரியாது. பழைய வண்டியை விற்ற பலருக்கு நடக்கும் கதை இது. அபராதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. அதே வண்டி யார் மீதாவது மோதிவிட்டால்?

தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர், ஆன்லைனில் பார்த்து வந்தவர் என யாருக்கு வண்டியை விற்றாலும் என்னென்ன செய்ய வேண்டும்? வரி கட்ட வேண்டுமா?

18% ஜிஎஸ்டி எல்லாருக்குமா?

2024 டிசம்பர் 21-ம் தேதி ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் 55-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் நடந்தது. எலெக்ட்ரிக் வண்டிகள், சிறிய கார்கள் உட்பட பழைய வண்டிகளுக்கான ஜிஎஸ்டியை 12 சதவீதத்தில் இருந்து 18 ஆக உயர்த்த அதில் முடிவானது. பெரிய கார்களுக்கு ஏற்கெனவே 18 சதவீதம்தான். உடனே, "நம்ம காரை வித்தா கவர்மென்ட்டுக்கு 18 பர்சன்ட் கட்டணுமா?" என்று சோஷியல் மீடியாவில் ஒரே குழப்பம்.

பதில்: கட்ட வேண்டாம். ஜிஎஸ்டியில் பதிவு செய்து தொழில் நடத்துபவர்களுக்குத்தான் இந்த வரி. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டியை ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது.

டீலருக்கும்கூட முழு விலைக்கு வரி இல்லை, லாபத்துக்கு மட்டும்தான். ஒரு டீலர் 4 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய காரை 4.5 லட்சத்துக்கு விற்றால், இடையில் உள்ள 50 ஆயிரத்துக்கு 18%, அதாவது 9 ஆயிரம் ரூபாய். நஷ்டத்துக்கு விற்றால் வரி இல்லை.

கவனிக்க வேண்டியவர்கள், கம்பெனி பெயரிலோ கடைக் கணக்கிலோ கார் வாங்கிய ஜிஎஸ்டி பதிவுதாரர்கள். வருமான வரிக் கணக்கில் தேய்மானம் காட்டியிருந்தால், அது கழித்து மீதமுள்ள மதிப்பைவிட எவ்வளவு கூடுதலாக விற்கிறார்களோ, அந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி வரும்.

வருமான வரி உண்டா?

சொந்த உபயோக கார், பைக்கை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகப் பார்ப்பதில்லை. அதனால் விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் ஒரு விஷயம் முக்கியம்: ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். யாருக்கு? பணத்தை வாங்கியவருக்கு. அதனால் பேங்க் மூலம் வாங்குவதே நல்லது.

என்னென்ன பேப்பர் வேணும்?

- படிவம் 29: வண்டியை விற்றுவிட்டேன் என்று ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது.
- படிவம் 30: பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பம். விற்பவர், வாங்குபவர் இருவரும் கையெழுத்து போட வேண்டும்.
- ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று.
- லோனில் வாங்கிய வண்டி என்றால் படிவம் 35-ம், கடன் தீர்ந்ததற்கான பேங்க் கடிதமும். லோனை அடைத்தால் மட்டும் போதாது, ஆர்.சி.யில் பேங்க் பெயரை நீக்கியிருக்க வேண்டும்.
- வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டி என்றால் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று.
- உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. அதன் பிறகுதான் விற்க முடியும்.

இரண்டு பேர் வண்டியை மாற்றிக்கொண்டாலும் இதே கதைதான். சட்டத்தின் பார்வையில் அது இரண்டு உரிமை மாற்றம். இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எத்தனை நாள் டைம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 50 இதைச் சொல்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். பரிவாஹன் இணையதளத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கலாம்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே கைமாறும் வண்டிக்கு ஏற்கெனவே ஆயுள் வரி கட்டியிருந்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. வெளி மாநில வண்டியை வாங்கி இங்கே பதிவு செய்பவர்கள், வண்டியின் வயதுக்கு ஏற்ப வரி கட்ட வேண்டும். "பாண்டிச்சேரி வண்டி, ரேட் கம்மி" என்று பாய்வதற்கு முன் இந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்கு போடுங்கள்.

பேர் மாத்தலைன்னா என்ன ஆகும்?

விற்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். அது அடுத்தடுத்து பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-ல் அந்த கார் விபத்தில் சிக்கியது. இழப்பீடு யார் தருவது?

நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற இந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்றது. பாதிக்கப்பட்டவர், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதே இதன் அடிப்படை.

"20 ரூபா பத்திரத்துல எழுதி வாங்கிட்டேனே" என்பது பாதுகாப்பு ஆகாது. அது உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம். பெயர் மாற்றத்துக்கு அது மாற்று அல்ல.

இன்சூரன்ஸ்?

வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் கருதும். ஆனால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு கிளைம் வேண்டுமென்றால், வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பித்து பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது. அது விற்றவருடையது, அடுத்து வாங்கும் வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சாவி கொடுக்கும் முன் இதைச் செய்யுங்க

வாங்குபவர், நிலுவை இ-சலான், லோன், இன்சூரன்ஸ் காலாவதி தேதி மூன்றையும் ஆன்லைனில் பார்த்துவிடுங்கள். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

விற்பவர், தேதியும் நேரமும் குறிப்பிட்ட டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். வாங்குபவரின் அடையாளச் சான்று நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கை குளோஸ் செய்யுங்கள். தேதி, பெயர் நிரப்பாத படிவத்தில் கையெழுத்து போட்டுக் கொடுக்காதீர்கள். வண்டி பல கை மாறுவதற்கு வழி திறப்பது அந்தக் கையெழுத்துதான்.

ஆட்டோ கன்சல்டிங்கில் வண்டியை விடுபவர்கள், அவர் அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை ஆர்டிஓவுக்கு ஆன்லைனில் தெரிவிக்கலாம். அதன் பிறகு வண்டிக்கு அவரே பொறுப்பு.

பணம் கைக்கு வந்ததும் விற்பனை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பரிவாஹனில் உங்கள் வண்டி நம்பரைப் போட்டால் புதிய உரிமையாளர் விவரம் வர வேண்டும். அதுவரை அந்த வண்டி சட்டப்படி உங்களுடையதுதான்.