எழும்பூர் மணலும் சட்டாம்பிள்ளையும்

ஒரே வகுப்பில் நாற்பது குழந்தைகள். உபாத்தியாயர் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் பாடத்தைக் கிரகித்துவிடுகிறான்; பக்கத்திலிருப்பவனுக்கோ எழுத்துக் கூட்டுவதே பெரும் பிரயாசை. இருவருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம்! வகுப்பென்றால் அப்படித்தான் என்று நாமும் பேசாமலிருந்து விடுகிறோம்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இத்தகைய வகுப்பே இருந்ததில்லை. மணலில் அகரம் எழுதும் சிறுவனும், எண்சுவடி ஒப்பிப்பவனும், ஓலையில் எழுதப் பழகியவனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தனர். ஒரு சுவடியை முடித்தவன் அடுத்ததற்குப் போவான். முடிக்காதவனை எவரும் பிடரியைப் பிடித்துத் தள்ளவில்லை. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஸர் தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பின்படி, சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். பள்ளிக்குச் சராசரி 15 பேர்தான்! சட்டாம்பிள்ளையின் சாமர்த்தியத்தில் பாதி இந்தக் கணக்கிலே இருக்கிறது.

1789-இல் எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்க்க வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சுதேசிப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் உதவி ஆசிரியர் அம்முறைக்கு இணங்காததால், எட்டு வயதுப் பையன் ஒருவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். 'மதராஸ் முறை' சீமையெங்கும் பரவியது. அவர் பிறந்த ஸ்காட்லாந்து ஊரில் 'மதராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது. ஆனால் அங்கே அது நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியரைக் கொண்டு மலிவாகப் பாடம் ஏற்றும் யந்திரமாயிற்று. சரக்கு கப்பலேறியது, சாரம் திண்ணையிலேயே தங்கிவிட்டது.

திண்ணைப் பள்ளியை நாம் சொர்க்கமென்று சொல்ல வரவில்லை. பிரம்புக்குக் குறைவில்லை, பெண்கள் மிகச் சிலரே, தாழ்த்தப்பட்டோரின் குழந்தைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமே கிடைக்கவில்லை.

2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாக்கிற்று. அழகான பெயர்கள்தாம். எனினும் 'அரும்பு' என்றதும், தம் பிள்ளை மட்டம் என்று வாடிப்போகும் பெற்றோர் உண்டு. குழந்தை அம்முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. மலர்க் குழந்தை அரும்பின் பக்கத்தில் அமர்ந்து ஓரெழுத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, அதற்கே அப்பாடம் இன்னும் தெளிவாகிறது என்பதை அவர்களிடம் யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆசிரியை சொல்லலாம், மூன்று நிலைக்கும் பாடம் ஆயத்தம் செய்து, பதிவேடுகளையும் எழுதி முடித்த பிறகு அவருக்கு நேரமிருந்தால்.