மீனின் பூவில் வரும் நோயும் நல்ல தண்ணீரும்

சந்தையில் மீன் வாங்கும்போது முதலில் பூவைத் தூக்கிப் பார்க்கிறோம். சிவப்பாக இருந்தால் வாங்குவோம், வெளிறியிருந்தால் விட்டுவிடுவோம். கூட்டில் மீன் வளர்ப்பவர் உயிருள்ள மீனிலும் இதே பார்வையைப் பழக வேண்டும். நெற்காணியை விட்டு வந்து களப்போரங்களில் குடியிருப்பவர்களில், கொடுவா வளர்க்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம்.

பூ என்பது மீனுக்கு நமது நுரையீரல் போன்றது. சீப்புப் பற்கள் போல அடுக்கடுக்கான மெல்லிய இதழ்கள்; உள்ளே இரத்தம், வெளியே தண்ணீர். தண்ணீரிலுள்ள ஒட்சிசன் அந்த இதழ்களினூடாகவே இரத்தத்தில் சேர்கிறது. மென்மையான இடமாதலால் ஒட்டுண்ணிகளும் அங்கே வந்து குடியேறுகின்றன. கடலில் பரந்து திரியும் மீனில் ஒன்றிரண்டு இருந்தால் பெருங்கேடில்லை. ஒரே வலைக்கூட்டில் ஆயிரக்கணக்கில் நெருக்கி வைத்தால் கதை வேறு. முகாமில் ஒரு பிள்ளைக்கு வந்த சொறி எத்தனை நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரவியது என்பதை நாம் கண்டவர்கள்தானே.

அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் 1980களின் நடுப்பகுதியில் சால்மன் மீன் வளர்ப்பு தொடங்கிய கையோடு இந்த நோயும் வந்துவிட்டது. (டின் மீனைச் செமன் என்று நாம் சொல்வது இந்த மீனின் பெயரால்தான். டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு மீன்!) மீன்கள் தீனைக் குறைத்தன. மேல்மட்டத்தில் மந்தமாக நின்று பூமூடியை வேகவேகமாக அடித்தன. பிறகு செத்து மிதந்தன. தூக்கிப் பார்த்தால் பூவில் வெள்ளை வெள்ளையாகச் சளித்திட்டுகள். கண்ணுக்குத் தெரியாத ஓர் அமீபாதான் காரணம். அது இன்ன இனம் என்று சரியாக அறியப்பட்டது 2007இல். அது ஒட்டிய இடத்தில் தோல் தடித்து, இதழோடு இதழ் ஒட்டிக்கொள்ளும். இடையே தண்ணீர் ஓட வழியில்லாமல், மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத்திணறும். நோர்வே, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலும் இதே நோய் கண்டது. உப்பும் வெப்பமும் கூடிய காலத்தில்தான் அது வலுக்கும்.

தஸ்மேனியாவில் கண்ட வைத்தியம் நல்ல தண்ணீர். கடலில் வாழும் அமீபா உப்பில்லாத நீரைத் தாங்காது. சால்மனோ ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் மீன். சில மணி நேரம் நல்ல தண்ணீரில் நின்றால் அதற்கு ஒன்றுமில்லை. பெரிய படங்குத் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி, ஒட்சிசன் விட்டு, இரண்டு மூன்று மணி நேரம் மீனை அதில் விடுகிறார்கள். கடின நீரைவிட மென்னீரே நன்றாக வேலை செய்வதாகவும் கண்டார்கள். சுண்ணாம்புக் கிணற்று நீரில் பழகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு குளிப்போடு தீர்வதில்லை. மிஞ்சிய அமீபாக்கள் சில வாரங்களில் மீண்டும் பெருகும். கோடையில் ஏறக்குறைய மாதமொரு முறை குளிப்பாட்ட வேண்டிவருகிறது. பெரிய கம்பனிகளுக்கே கூலியும் தண்ணீரும் பெருஞ்செலவு.

நமது கொடுவாவும் ஆற்றிலும் கடலிலும் வாழும் மீன். அதன் பூவில் பெரும்பாலும் தொல்லை தருபவை மிகச் சிறிய தட்டைப் புழுக்கள். இவற்றின் முட்டைகள் வலையில் சிக்கிக் கிடந்து மறுபடியும் பொரிக்கும். ஆகையால் மீனை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. வலையையும் கழற்றிக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். வாரமொரு முறை நாலைந்து மீனைப் பிடித்துப் பூமூடியைத் தூக்கிப் பாருங்கள். வெளிறல், சளி, வெள்ளைத்திட்டு கண்டால் மீன்வளர்ப்பு உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். குளிப்பாட்டும் நேரத்தையும் அவரிடமே கேட்டு, முதலில் சில மீன்களில் செய்து பாருங்கள்.

கூட்டுக்குக் கடன் எடுக்க நினைப்பவர்கள் வலையின் விலையையும் குஞ்சின் விலையையும் கணக்கிடுகிறார்கள். கூட்டுக்குக் கிட்ட நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது, மாரி முடிந்து ஆனி, ஆடியிலும் அது இருக்குமா, ஊரவர் குடிக்கும் கிணற்றில் கைவைக்காமல் எடுக்கலாமா என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.