லயன் வாசலிலிருந்து விண்மீன் காண்போம்

காணியையும் கிணற்றையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு, முன்பு பழகியவற்றுள் மாறாமல் இருப்பவை மிகச் சில. அவற்றுள் ஒன்று இரவு வானம். கார்த்திகைக் கூட்டத்தையும் விடிவெள்ளியையும் பார்த்து நேரமறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்டுப் பழகாவிட்டால் அந்த அறிவு அவர்களோடு போய்விடும். அதைக் கையளிக்கப் பணம் வேண்டியதில்லை. ஓர் இரவு போதும்.

மலையகத்தின் வசதி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரே செல்லச் செல்ல நம் தலைக்கு மேலுள்ள காற்றும் தூசியும் குறையும். பட்டணத்து வெளிச்சம் எட்டாத தோட்டங்களில் மங்கலான மீன்களும் தெரியும். பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் வடவானம், தென்வானம் இரண்டையும் நாம் காணலாம். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையின் காவலூரில் 1986இல் 2.3 மீற்றர் தொலைநோக்கியை நிறுவினார்கள். காவலூர் இருப்பது வடக்கே பன்னிரண்டரைப் பாகையில். நுவரெலியா 7 பாகையில். ஆகவே தென்வானம் நமக்கு இன்னும் தாராளமாகத் தெரியும்.

ஆயத்தம்

தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை, அமாவாசையை ஒட்டிய இரவு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தேயிலைச் செடிகளுக்குள் போக வேண்டாம். சிறுத்தை நடமாடும் தோட்டங்கள் பல. பாடசாலை மைதானம் போன்ற திறந்த இடமே நல்லது. கம்பளியும் குல்லாவும் அவசியம். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வரை எடுக்கும். டோர்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் பழகிய கண் கெடாது. பைனாகுலர் கிடைத்தால் நன்று; இல்லாவிட்டாலும் குறையில்லை.

மாசி இரவில் காண்பவை

பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு 8 மணியளவில் திருவாதிரை என்னும் செந்நிற மீன் ஏறக்குறைய நம் உச்சிக்கு மேலே நிற்கும். அதற்குச் சற்றுத் தெற்கே வரிசையாக மூன்று மீன்கள். அவற்றுக்கும் தெற்கே புகைபோல் தெரிவது ஓரியன் நெபுலா. புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகம் அது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகும்.

மேற்கே சாய்ந்திருப்பது கார்த்திகைக் கூட்டம். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள். கலிலியோ தொலைநோக்கியால் பார்த்து 1610இல் வெளியிட்ட படத்திலோ 36 மீன்கள்.

தெற்கே பளிச்சென ஒளிர்வது அகத்தியர் மீன். அதற்குக் கீழே, மலை மறைக்காத இடமானால், சிறு முகில் துண்டொன்று தெரியும். முகில் கலையும், இது கலையாது. 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மகெல்லன் மேகம் என்னும் வேறொரு விண்மீன் மண்டலம் இது. நள்ளிரவுக்குப் பின் தென்சிலுவை நன்கு உயரும்.

வானம் சொல்லும் ஊர்

இரவு 10 மணியளவில் வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் ஏறியிருக்கும். அதன் முன்னிரு மீன்களை இணைக்கும் கோட்டை வடக்கே ஐந்து மடங்கு நீட்டினால் துருவ மீன். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே அந்த ஊரின் அட்சரேகை. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய 1 பாகை.

நுவரெலியாவில் துருவ மீன் ஏழு விரல் உயரம். வடக்கு மலை மறைத்தால் தெரியாது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போன நம்மவர்க்கு, கிளிநொச்சியில் அது ஒன்பது விரலுக்குச் சற்று மேல். 1964 ஒப்பந்தத்தின்படி நீலகிரியின் கூடலூருக்குப் போனவர்க்குப் பதினொன்றரை விரல். பிரிந்த உறவுகளுக்கு இடையில் வானம் மாறியது நான்கைந்து விரல் அகலமே. கார்த்திகையும் திருவாதிரையும் எல்லோருக்கும் ஒன்றே.

தெளிந்த இரவின் எச்சரிக்கை

விவசாயிக்கு இன்னொரு பாடமும் உண்டு. முகில் போர்வைபோல் நிலத்தின் சூட்டைக் காக்கும். முகிலும் காற்றும் இல்லாத இரவில் அந்தச் சூடு வெளியேறிவிடும். குளிர்காற்று பள்ளங்களில் தேங்கி, உறைபனி விழும். உருளைக்கிழங்கும் தேயிலைக் கொழுந்தும் கருகுவது இப்படித்தான். எனவே தை, மாசியில் மாலைவானம் துல்லியமாக இருந்தால் நாற்று மேடைகளை வைக்கோலாலோ மானாப்புல்லாலோ மூடிவிடுங்கள். பனி விழுந்துவிட்டால், வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துக் கரையுங்கள்.

அடுத்த அமாவாசைக்கு உங்கள் லயத்துப் பெரியவர் ஒருவரையும் பிள்ளைகளையும் சேர்த்து வெளியே அழைத்து வாருங்கள். அவர் சொல்லும் மீன் பெயர்களையும் பார்த்த நேரத்தையும் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். எந்த ஊருக்குப் போனாலும் கூடவே கொண்டு போகக்கூடிய சொத்து அது.