ஆறாப் புண்ணும் ஆற்றும் முறையும்

சூடு ஆறும், சினம் ஆறும், புண்ணும் ஆறும். தமிழில் ஆறுதல் தன்வினை, ஆற்றுதல் பிறவினை. திருக்குறளின் 129ஆம் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், தீயால் சுட்டது ஆறிப் போதலின் புண் எனப்பட்டது என்றும், நாவால் சுட்டது ஆறாது கிடத்தலின் வடு எனப்பட்டது என்றும் வேறுபாடு காட்டுவர். இவ்வுரையின்படி ஆறுதல் புண்ணின் இயல்பு என்பது பெறப்படும். அங்ஙனமாயின் ‘ஆறாப் புண்’ என்பது யாது? இயல்பு தடைப்பட்ட புண் என்பதே விடை. இவ்விடை சொல்லாராய்ச்சிக்கு மட்டுமன்றி மருத்துவத்திற்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

சங்க நூல்களில் புண்ணுக்குச் செய்யும் பண்டுவம் பேசப்படுகிறது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டு, நெடிய ஊசியால் புண்ணைத் தைத்தலை, மீன் தேடி நீருள் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையோடு உவமிக்கிறது. புறநானூற்றின் 281ஆம் பாட்டில், புண்பட்ட வீரனைக் காக்கும் மகளிர் மனையில் வேம்பு செருகி, ஐயவி தூவி, நறும்புகை எழுப்பிக் காஞ்சி பாடுவர். இவை போர்ப்புண்கள். இங்குப் புண்ணை உண்டாக்கிய வாள் அப்பொழுதே நீங்கிவிடுகிறது. எஞ்சிய பணியை உடல் செய்துகொள்ளும். நாட்பட்ட புண்ணிலோ வாள் நீங்குவதில்லை. உடலினுள்ளோ உடலை அழுத்தும் பொருளிலோ மறைந்து நின்று நாள்தோறும் வெட்டுகிறது.

தொழுநோயாளரின் உள்ளங்காற் புண் இதற்குச் சிறந்த சான்றாகும். நோயால் தசை தானே அழுகுகிறது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிற்று. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, நரம்பு கெட்டு வலியுணர்ச்சி இழந்தமையே பெருங்காரணம் எனக் காட்டினார். வலி உள்ளவன் புண்பட்ட காலை ஊன்றான். வலி அற்றவன் அதன்மேலேயே நடப்பான். எனவே காலுக்கு மாவுக்கட்டு இட்டு, அழுத்தத்தைப் பரப்பிக் குறைத்தபோது, ஆண்டுக்கணக்கில் ஆறாதிருந்த புண்களும் ஆறலாயின. ஆறியபின் மெல்லிய ரப்பர் அடியுடைய செருப்பு, புண் மீளாமற் காத்தது. உணர்ச்சி இழந்த நீரிழிவுக் காலுக்கும் இம்முறையே இன்று உயர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. சருக்கரையை அடக்குதலும் உடன் வேண்டப்படும்.

ஏனைய புண்களுக்கும் நெறி இதுவே. கணுக்காலின் உட்புறத்தே தோன்றும் புண் பெரும்பாலும் சிரைக்குருதித் தேக்கத்தால் வருவது. சிரைகளில் உள்ள அடைப்பிதழ்கள் பழுதுற்றுக் குருதி மேலேறாது தங்குகிறது. விரலடி தொடங்கி முழங்கால் வரை இறுகச் சுற்றும் அழுத்தக்கட்டே இதற்குத் தலையாய மருந்து. ஆயினும் தமனி சுருங்கிய காலில் அக்கட்டு கேடு பயக்கும். ஆதலின் தமனியின் ஓட்டத்தை முன்னரே அளந்தறிதல் இன்றியமையாதது. தமனி அடைப்பால் வந்த புண்ணுக்கு ஓட்டத்தை மீட்டலே வழி. படுக்கைப் புண்ணுக்கு உடலை அடிக்கடி புரட்டி இடம் மாற்றுதலும் நல்லுணவும் வேண்டும்.

காரணம் நீங்கியபின், இறந்த தசையைக் களைதலும், தொற்றுக் கண்டவிடத்து அதனை அடக்குதலும், புண்ணைத் தக்கவாறு மூடுதலும் அடுத்த பணிகள். புண் உலரின் விரைந்து ஆறும் என்பது பொதுநம்பிக்கை. ஜார்ஜ் வின்டர் என்பார் 1962இல் இளம்பன்றிகளிடம் செய்த ஆய்வில், மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காத்த புண்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் படர்ந்தமை கண்டார். இக்காலப் புண்மூடிகள் பலவும் அவ்வுண்மையின் வழி வந்தவை.

தழையும் எண்ணெயும் களிம்பும் மாற்றி மாற்றி இட்டு ஆண்டுகளைக் கழிப்போர் இன்றும் உளர். அதற்குள் கால் இழக்கப்படுதலும் உண்டு. நெடுநாட் புண்ணின் விளிம்பு தடித்துப் புற்றாக மாறுதலும் உண்டு. ‘எதை இடுவது?’ என்று வினவுமுன், ‘எது ஆறவிடாமல் தடுக்கிறது?’ என வினவுதல் வேண்டும். ஆறுதல் தன்வினை, தடையை நீக்கி அதற்கு இடந்தருதலே ஆற்றுதல் என்க.